தோல் பராமரிப்பில் அமிலங்கள்

தோல் பராமரிப்பில் பயன்படும் அமிலங்கள் என்பவை முகப்பரு, வறட்சி, கரும்புள்ளி, மங்கு, சுருக்கம் முதலியவற்றைக் குறைப்பதற்காகக் களிம்பாகவோ, ஜெல்லாகவோ, சீரமாகவோ தோலின் மீது பூசப்படும் கரிம அமிலங்கள் ஆகும். கிளைக்காலிக் அமிலம், லாக்டிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், ஹையலூரோனிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலம், அசெலாயிக் அமிலம், ரெட்டினாயிக் அமிலம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

அமிலம் என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் இவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில அமிலங்கள் இறந்த செல்களை உதிர்க்கின்றன. சில ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. சில நிறமி உருவாவதைக் குறைக்கின்றன. ஒன்று செல்லின் செயல்பாட்டையே மாற்றுகிறது. எந்தக் குறைக்கு எந்த அமிலம், என்ன செறிவு, என்ன பி.எச். அளவு என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. குறிப்பாக, பழுப்பு நிறத் தோலில் அமிலத்தை அளவு மீறிப் பயன்படுத்தினால், எந்தக் கருமையை நீக்குவதற்காக அது வாங்கப்பட்டதோ அதே கருமை கூடிவிடக்கூடும்.

தோலும் அமிலத்தன்மையும்

மனிதத் தோலில் புறத்தோல், அடித்தோல் என இரண்டு முதன்மையான அடுக்குகள் உள்ளன. புறத்தோலின் அடிப்பகுதியில் புதிய செல்கள் தோன்றுகின்றன. அவை மெல்ல மேல்நோக்கி நகர்ந்து, தட்டையாகி, இறந்து, இறுதியில் உதிர்கின்றன. இளம் வயதில் இச்சுழற்சிக்கு ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகின்றன. வயது கூடும்போது இந்தக் காலமும் கூடுகிறது. மேற்பரப்பில் சுமார் 15 முதல் 20 வரிசைகளாக அமைந்துள்ள இறந்த செல்களின் தொகுதி கெரட்டின் அடுக்கு எனப்படும். இதனைச் செங்கல் சுவருடன் ஒப்பிடலாம். செல்கள் செங்கற்கள் என்றால், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து ஆகும். உடலின் நீர் வெளியேறாமலும் கிருமிகள் உள்ளே நுழையாமலும் காப்பது இச்சுவரே.

தோலின் மேற்பரப்பு இயற்கையிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. நலமான தோலின் பி.எச். அளவு பெரும்பாலும் 4.7 முதல் 5.5 வரை இருக்கும். வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலமும், தோலின் எண்ணெய்ப் பசையிலிருந்து உருவாகும் கொழுப்பு அமிலங்களும் இதற்குக் காரணமான பொருள்களில் அடங்கும். 1928 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர்கள் ஹைன்ரிக் ஷாடே, ஆல்ஃபிரட் மார்க்கியோனினி ஆகியோர் இதனை 'அமிலப் போர்வை' என்று குறிப்பிட்டனர். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருப்பதால், சோப்பிட்டு முகம் கழுவியதும் இப்போர்வை சிறிது நேரம் பாதிக்கப்படுகிறது. கழுவிய பின் முகம் இழுத்துப் பிடிப்பது போல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே அமிலம் என்பது தோலுக்கு அந்நியமான பொருள் அன்று. அதன் அளவு மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது.

இறந்த செல்களை உதிர்க்கும் அமிலங்கள்

ஆல்பா ஹைட்ராக்சி அமிலங்கள்

கிளைக்காலிக், லாக்டிக், மாண்டெலிக், மாலிக், டார்டாரிக், சிட்ரிக் அமிலங்கள் இப்பிரிவில் அடங்கும். கரும்பில் கிளைக்காலிக் அமிலமும், புளித்த பாலில் லாக்டிக் அமிலமும், ஆப்பிளில் மாலிக் அமிலமும், புளியிலும் திராட்சையிலும் டார்டாரிக் அமிலமும், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. இதனால் இவை 'பழ அமிலங்கள்' என்றும் அழைக்கப்படுகின்றன. ஆனால் கடைகளில் விற்கும் கிளைக்காலிக் அமிலத்தின் பெரும்பகுதி இன்று ஆலைகளில் வேதிமுறையில் தயாரிக்கப்படுகிறது.

இவை நீரில் கரைபவை. கெரட்டின் அடுக்கிலுள்ள இறந்த செல்களுக்கு இடையேயான பிணைப்புகளை இவை தளர்த்துகின்றன. அதனால் உதிர வேண்டிய செல்கள் எளிதில் உதிர்கின்றன, தோல் மென்மையாகிறது, மேற்பரப்பில் தங்கியுள்ள கருமை படிப்படியாகக் குறைகிறது. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்காட், மருந்தியல் அறிஞர் ரூயி யூ ஆகிய இருவரும், தோல் செதில் செதிலாகத் தடிக்கும் மீன்செதில் நோயில் இவ்வமிலங்கள் பயனளிப்பதை வெளியிட்டனர். நோய்க்கு மருந்தாகத் தொடங்கிய இந்த ஆய்வே பின்னாளில் அழகுசாதனத் துறைக்கும் வழிவகுத்தது.

மூலக்கூறின் அளவு சிறியதாக இருந்தால் அமிலம் விரைவாக ஊடுருவும். கிளைக்காலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 76; லாக்டிக் அமிலத்துக்கு 90; மாண்டெலிக் அமிலத்துக்கு 152. ஆகவே கிளைக்காலிக் அமிலம் விரைவாகச் செயல்படுகிறது. எரிச்சலும் அதில் அதிகம். மாண்டெலிக் அமிலம் மெதுவாக ஊடுருவுவதால் எரிச்சல் குறைவு. லாக்டிக் அமிலம் உதிர்ப்பதுடன் ஈரத்தையும் காக்கிறது. அதன் அம்மோனியம் உப்பு 12 சதவீத அளவில் கடும் வறட்சிக்கு மருந்தாகப் பயன்படுகிறது.

சாலிசிலிக் அமிலம்

சாலிசிலிக் அமிலத்தின் வரலாறு வில்லோ மரப்பட்டையுடன் தொடர்புடையது. 1828 இல் ஜெர்மானிய மருந்தியல் அறிஞர் யோஹான் புக்னர் அப்பட்டையிலிருந்து சாலிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1838 இல் இத்தாலிய வேதியியலாளர் ரஃபேலே பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். ஆஸ்பிரின் மாத்திரையும் இவ்வமிலத்திலிருந்து வந்ததே.

இவ்வமிலம் கொழுப்பில் கரையும். எனவே எண்ணெய் நிறைந்த மயிர்த்துளைகளுக்குள் சென்று, அங்கே அடைபட்டுள்ள செல்களைத் தளர்த்துகிறது. வெண்முனைப் பருக்களுக்கும், பிளாக்ஹெட் எனப்படும் கருமுனைப் பருக்களுக்கும் இது ஏற்றதாக இருப்பதன் காரணம் இதுவே. ஓரளவு அழற்சியையும் தணிக்கிறது. முகப்பருவுக்கு 0.5 முதல் 2 சதவீதம் வரை போதுமானது. ஆனால் மருவுக்கு ஏறத்தாழ 17 சதவீதமும், காலாணிக்கு ஒட்டும் பட்டைகளில் 40 சதவீதமும் பயன்படுகின்றன. பாதத்தின் தடித்த தோலுக்கான மருந்தை முகத்தில் பூசினால் தோல் வெந்துவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவு வேறாக இருப்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

படர்தாமரைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் விட்ஃபீல்டு களிம்பிலும் 6 சதவீத பென்சோயிக் அமிலத்துடன் 3 சதவீத சாலிசிலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. பென்சோயிக் அமிலம் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. சாலிசிலிக் அமிலம் பூஞ்சை குடியிருக்கும் இறந்த செல்களை உதிர்க்கிறது.

ஈரம் காக்கும் அமிலம்

ஹையலூரோனிக் அமிலம் பெயரில் மட்டுமே மேற்கண்டவற்றுடன் ஒத்திருக்கிறது. இது செல்களை உதிர்ப்பதில்லை. எரிச்சலும் பொதுவாக ஏற்படுத்துவதில்லை. 1934 ஆம் ஆண்டில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணிலுள்ள கூழ்மத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி போல இணைந்த பெரிய மூலக்கூறு ஆகும். நம் உடலிலுள்ள ஹையலூரோனிக் அமிலத்தில் ஏறத்தாழப் பாதி தோலில்தான் உள்ளது. வயது கூடும்போது புறத்தோலில் இதன் அளவு குறைகிறது.

இது நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மூலக்கூறு பெரிதாக இருப்பதால் பூசப்படும் அமிலத்தின் பெரும்பகுதி தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. அங்கே ஈரத்தைத் தக்கவைப்பதால் மெல்லிய வறட்சிக் கோடுகள் தற்காலிகமாக மறைகின்றன. முகம் சற்று ஈரமாக இருக்கும்போதே இதனைப் பூசி, அதன் மேல் ஈரப்பதக் களிம்பு ஒன்றையும் பூசுவது நல்லது.

நிறமியின் மீது செயல்படும் அமிலங்கள்

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. டைரோசினேஸ் என்ற நொதியின் உதவியால் இது உருவாகிறது. பின்வரும் அமிலங்கள் வெவ்வேறு வழிகளில் இச்செயலைக் குறைக்கின்றன.

அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சி ஆகும். ஹங்கேரிய அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928 இல் இதனைப் பிரித்தெடுத்தார். 1937 இல் நோபல் பரிசு பெற்றார். தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் உருவாக இது தேவை. இது ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகவும் செயல்படுகிறது. இதன் தூய வடிவம் தோலினுள் செல்ல, கரைசலின் பி.எச். அளவு 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். செறிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் பயன் கிடைப்பதில்லை. காற்றும் ஒளியும் பட்டால் இது விரைவில் கெடும். கரைசல் பழுப்பு நிறமாகிவிட்டால் அதனைப் பயன்படுத்தக்கூடாது.

அசெலாயிக் அமிலம் கோதுமை, பார்லி முதலிய தானியங்களில் காணப்படுகிறது. தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சையும் இதனை உருவாக்குகிறது. தேமல் படர்ந்த இடம் வெளிறித் தெரிவது ஏன் என்று ஆராய்ந்தபோதே நிறமியின் மீதான இதன் செயல் கவனத்துக்கு வந்தது. இது பருவை உண்டாக்கும் பாக்டீரியாவையும் கட்டுப்படுத்துகிறது. முகப்பருவுக்கு 20 சதவீதக் களிம்பும், முகம் சிவக்கும் ரோசேசியா நோய்க்கு 15 சதவீத ஜெல்லும் பயன்படுகின்றன. பருவும் அது விட்டுச்செல்லும் கருமையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இது பொருத்தமானது.

கோஜிக் அமிலம் ஜப்பானில் அரிசியை நொதிக்கச் செய்யும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து கிடைப்பது. டைரோசினேஸ் நொதிக்குத் தேவையான செம்பு அயனியைப் பற்றிக்கொள்வதால் நிறமி குறைகிறது. சிலருக்கு இது ஒவ்வாமை தரும்.

டிரானெக்சாமிக் அமிலம் இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. ஜப்பானிய மருத்துவ அறிஞர்கள் உட்டாகோ ஒகாமோட்டோ, ஷோசுகே ஒகாமோட்டோ தம்பதியர் இதனை 1962 இல் அறிவித்தனர். இப்போது கன்னங்களில் படரும் மங்குக்கும் இது பயன்படுகிறது. மாத்திரை வடிவில் இதனை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

செல்லின் செயலை மாற்றும் அமிலம்

ரெட்டினாயிக் அமிலம் வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாவது. மருந்துக் கடைகளில் இது டிரெட்டினாயின் என்ற பெயரில் கிடைக்கிறது. மற்ற அமிலங்களைப் போல மேற்பரப்பில் நின்றுவிடாமல், செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பிகளுடன் இணைந்து மரபணுக்களின் செயல்பாட்டை மாற்றுகிறது. இதனால் செல் சுழற்சி விரைவடைகிறது. மயிர்த்துளை அடைபடுவது குறைகிறது. கொலாஜன் உருவாக்கம் கூடுகிறது. முகப்பருவுக்கு மருந்தாக அமெரிக்காவில் 1971 முதல் இது பயன்பாட்டில் உள்ளது.

முதல் சில வாரங்களில் தோல் சிவந்து உரிவதும், பரு சற்று அதிகரிப்பதும் உண்டு. தெளிவான பயன் தெரிய ஏறத்தாழ 12 வாரங்கள் ஆகலாம். இது மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டிய மருந்து. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதனைத் தவிர்க்க வேண்டும்.

செறிவும் பி.எச். அளவும்

புட்டியின் மீது '10 சதவீதம்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் கொண்டு ஒரு அமிலத்தின் வலிமையைக் கணிக்க முடியாது. கரைசலில் அமிலம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று பிரியாத அமிலம், மற்றொன்று அயனி. கெரட்டின் அடுக்கை எளிதில் ஊடுருவுவது பிரியாத வடிவமே.

கிளைக்காலிக் அமிலத்தைப் பொறுத்தவரை, பி.எச். அளவு ஏறத்தாழ 3.8 ஆக இருக்கும்போது பாதி அமிலம் பிரியாத நிலையில் இருக்கும். பி.எச். 4.8 ஆனால் பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே அவ்வாறு இருக்கும். அதாவது, ஒரே 10 சதவீதக் கரைசல் முதல் நிலையில் 5 சதவீத அளவுக்கும், இரண்டாம் நிலையில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவும் செயல்படும். அமெரிக்காவின் ஒப்பனைப் பொருள் உட்கூறு ஆய்வுக் குழு, வீட்டில் பயன்படுத்தும் ஆல்பா ஹைட்ராக்சி அமிலப் பொருள்களின் செறிவு 10 சதவீதத்துக்கு மிகாமலும், பி.எச். அளவு 3.5க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது.

தோல் மருத்துவர்கள் செய்யும் உரிப்புச் சிகிச்சையில் 20 முதல் 70 சதவீதம் வரையிலான கிளைக்காலிக் அமிலம் சில நிமிடங்கள் மட்டும் பூசப்பட்டு, உடனே நடுநிலையாக்கப்படுகிறது. இத்தகைய கரைசல்களை இணையத்தில் வாங்கி வீட்டில் பூசுவது தீப்புண் போன்ற காயத்தை உண்டாக்கக்கூடும்.

வெயிலும் கருமையும்

ஆல்பா ஹைட்ராக்சி அமிலங்களைப் பயன்படுத்தும் காலத்தில் தோல் புறஊதாக் கதிர்களால் எளிதில் பாதிக்கப்படுகிறது. பூசுவதை நிறுத்திய ஒரு வாரத்தில் இந்நிலை சரியாகிவிடுகிறது. இதனால் இப்பொருள்களின் உறையில் வெயில் பற்றிய எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

பழுப்பு, கருப்பு நிறத் தோல்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லா மனிதர்களிடமும் மெலனின் உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கருநிறத் தோலில் அச்செல்கள் அதிகம் செயல்படுகின்றன. அங்கே எரிச்சலோ, அழற்சியோ, கீறலோ ஏற்பட்டால், புண் ஆறிய பின் அந்த இடம் கருத்துவிடுகிறது. பரு மறைந்த பின்னும் தழும்பு போன்ற கருமை மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான். அக்கருமையை நீக்குவதற்காகச் செறிவு மிகுந்த அமிலத்தைத் தினமும் பூசினால் எரிச்சல் கூடும். எரிச்சலால் கருமை கூடும். கருமை கூடியதைக் கண்டு மேலும் அமிலம் பூசத் தோன்றும். இந்தச் சுழலைத் தவிர்க்கவே கருநிறத் தோலுக்கு மருத்துவர்கள் குறைந்த செறிவிலிருந்து மெதுவாகத் தொடங்குகிறார்கள்.

எலுமிச்சை, தயிர், புளி

வீடுகளில் எலுமிச்சைச் சாற்றை நேரடியாக முகத்தில் தேய்ப்பது பரவலாகக் காணப்படும் பழக்கம். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2 முதல் 2.5 வரை இருக்கும். பி.எச். அளவில் ஒரு எண் குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. எனவே பி.எச். 5 உள்ள தோலைவிட, பி.எச். 2 உள்ள சாறு 1000 மடங்கு அமிலத்தன்மை உடையது. அத்துடன் எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில், ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் உள்ளன. இவை தோலின் மீது இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாள்களில் சிவப்பும் கொப்புளமும் தோன்றி, பின்னர் கருந்திட்டாக மாறும். இக்கருமை மறையப் பல வாரங்கள் அல்லது மாதங்கள் ஆகும்.

தயிரில் லாக்டிக் அமிலம் ஏறத்தாழ 1 சதவீதம் அளவில் உள்ளது. அதன் உதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. பொதுவாகத் தீங்கும் குறைவு. புளி பித்தளைப் பாத்திரத்தைப் பளபளப்பாக்குவது உண்மை. அது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படிவத்தைக் கரைக்கிறது. தோலின் மேலடுக்கோ நீக்க வேண்டிய படிவம் அன்று. உடலைக் காக்கும் சுவர்.

எந்தக் குறைக்கு எந்த அமிலம்

கருமுனை, வெண்முனைப் பருக்கள்: சாலிசிலிக் அமிலம்.
பருவும் பருவுக்குப் பிந்தைய கருமையும்: அசெலாயிக் அமிலம்.
சொரசொரப்பு, மங்கிய தோற்றம்: லாக்டிக், மாண்டெலிக், கிளைக்காலிக் அமிலங்கள்.
வறட்சி: ஹையலூரோனிக் அமிலம், லாக்டிக் அமிலம்.
மங்கு: அசெலாயிக், கோஜிக், டிரானெக்சாமிக் அமிலங்கள், மருத்துவரின் ஆலோசனையுடன்.
கடும் முகப்பரு, வெயிலால் வரும் சுருக்கம்: ரெட்டினாயிக் அமிலம், மருத்துவர் பரிந்துரைத்தால் மட்டும்.

பயன்படுத்தும் முறை

முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி 24 முதல் 48 மணி நேரம் வரை கவனிக்க வேண்டும். அரிப்போ சிவப்போ இல்லையெனில் முகத்தில் பயன்படுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு புதிய அமிலத்தை மட்டுமே தொடங்க வேண்டும். உதிர்க்கும் அமிலங்களை வாரத்தில் 2 இரவுகளில் தொடங்கி, தோல் ஏற்றுக்கொண்டால் படிப்படியாகக் கூட்டலாம். பூசிய பின் ஈரப்பதக் களிம்பு தேவை. பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பைப் பூச வேண்டும். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

கண், உதடு, மூக்கின் ஓரம் ஆகிய இடங்களையும், காயம் உள்ள இடங்களையும் தவிர்க்க வேண்டும். முடி நீக்குவதற்குச் சில நாள்கள் முன்பே அமிலம் பூசுவதை நிறுத்த வேண்டும். லேசான குறுகுறுப்பு இயல்பானது. எரிச்சல் நீடித்தாலோ, தோல் வெந்தது போல் ஆனாலோ உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 15 முதல் 20 நிமிடங்கள் கழுவி, மருத்துவரை அணுக வேண்டும். அதன் மேல் பற்பசையோ சமையல் சோடாவோ பூசக்கூடாது.

ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளின் உடலில் அதனைப் பெரும் பரப்பில் பூசினால் அது இரத்தத்தில் கலந்து நச்சாகலாம்.

நிறம் பற்றிய தவறான எதிர்பார்ப்பு

அமிலங்கள் புள்ளிகளையும் திட்டுகளையும் குறைத்து, தோலை அதன் இயல்பான நிறத்துக்குக் கொண்டுவர உதவுகின்றன. பிறப்பிலேயே அமைந்த நிறத்தை நிலையாக மாற்றும் அமிலம் எதுவும் இல்லை. இதனை அறியாமல், டிரெட்டினாயினுடன் ஹைட்ரோகுவினோனும் ஸ்டீராய்டும் கலந்த மருந்துக் களிம்புகளைச் சிலர் சிவப்பழகுக் களிம்பாக மாதக்கணக்கில் பூசுகின்றனர். மங்குக்குக் குறுகிய காலம் மட்டும் தரப்படும் மருந்து இது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிகிறது. இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. பருவும் முகமுடியும் தோன்றுகின்றன. நிறுத்தியவுடன் முகம் எரிந்து சிவக்கிறது. இந்தியாவில் 2018 ஆம் ஆண்டில் பல ஸ்டீராய்டு களிம்புகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை 'எச்' மருந்துகளின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

மெலனின் ஒரு குறை அன்று. புறஊதாக் கதிர்கள் செல்லின் உட்கருவைத் தாக்காமல் தடுக்கும் இயற்கைக் குடை அது. பருவுக்கும் வறட்சிக்கும் மங்குக்கும் ஏற்ற அமிலம் உண்டு. இயல்பான நிறத்துக்கு மருந்து தேவையில்லை.